மார்க்கர் பெண்டாட்டி அளந்த இரண்டு சாண்

விளையாட்டுக்காரரைக் கட்டிக்கொள்கிற பெண்ணுக்கு அந்த விளையாட்டைப் பற்றி முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றுமே தெரியாமல் இருக்க வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவளால்தான் ஆபத்து. எனக்குக் கல்யாணம் ஆனபோது டென்னிஸைப் பற்றி இரண்டே விஷயங்கள் தெரியும். ஒன்று, நடுவில் வலை கட்டியிருக்கும். இன்னொன்று, என் புருஷனை யாராலும் ஜெயிக்க முடியாது. இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டாவதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் செங்கல்பட்டில் அதிகாரிகள் ஆடுகிற ஒரு கிளப்பில் டென்னிஸ் மார்க்கராக இருந்தார். (அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் சொல்லாத பெயரை இந்தக் கட்டுரைக்காகச் சொன்னால் அவரே பயந்துபோவார்.) மார்க்கர் என்றால் மாதச் சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவர். மெம்பருக்கு ஜோடி கிடைக்காத நாளில் எதிரே நின்று ஆட வேண்டும்; புதிதாக வருகிறவருக்குப் பழக்கிவிட வேண்டும்; அறுந்த மட்டைக்கு நரம்பு கட்ட வேண்டும். ஆட்டத்துக்குக் காசு வாங்குகிறவர் என்பதால் கோப்பை கொடுக்கும் பெரிய போட்டிகளில் அந்தக் காலத்தில் அவர்களைச் சேர்க்க மாட்டார்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் அவர்களுக்கு அது வேலை.

அவர் பிறந்தது மதுராந்தகம் ஏரிக்குக் கீழே ஒரு கிராமத்தில். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. கதிர் முற்றும் காலத்தில் பரண்மேல் ஏறி, கவண்கல் விட்டுக் குருவி ஓட்டுவதுதான் சின்ன வயதில் அவருடைய உத்தியோகம். பிறகு கிளப்பில் தரையைச் சமன்படுத்தும் உருளை இழுக்க ஆள் வேண்டும் என்று யாரோ கூட்டிப்போய்ச் சேர்த்தார்கள். உருளை இழுத்தார், தரைக்குச் சாணி மெழுகினார், சுண்ணாம்பில் கோடு போட்டார், பந்து பொறுக்கினார். மத்தியான வெயிலில் அதிகாரிகள் கண்ணயரும் நேரத்தில், பலகைத் துண்டை மட்டையாகச் செதுக்கிக்கொண்டு, தோல் உரிந்த பந்தைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அடித்துப் பழகினார். சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டு, அடிக்கிற பந்தெல்லாம் வட்டத்துக்குள்ளேயே பட்டால்தான் சாப்பிடப் போவாராம். (சாப்பாடு இல்லாத நாட்களில் இது வசதியாகவும் இருந்தது என்பார்.) ஒருநாள் பழைய மார்க்கர் காய்ச்சலில் படுத்துவிட, ஆட வந்த டாக்டர் ஒருவர் "நீ வந்து எதிரே நில்லு" என்றார். அன்றைக்கு நின்றவர்தான்.

எனக்கு ஊர் திருவிடந்தை. எங்கள் ஊர்ப் பெருமாளுக்குத் தினமும் கல்யாணம் நடக்கும். எனக்கு ஒரு தடவைதான் நடந்தது, அதிலேயே இவ்வளவு கூத்து. நைனா சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுகிறவர். அம்மாவின் தம்பி கன்னியப்பன் மாமா, ஊர்ச் சடுகுடு கோஷ்டிக்குத் தலைவர். மாமாவின் கால் ஒருவனைக் கவ்வியதென்றால் நண்டு கவ்விய மாதிரி. அவருக்கு டென்னிஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே பிடிக்கவில்லை.

"வலைக்கு அந்தாண்ட ஒருத்தன், இந்தாண்ட ஒருத்தன். தொடறது இல்ல, புடிக்கறது இல்ல. இது இன்னா ஆட்டம்மே? சண்ட போட்டுகினு பேசாம கீற புருசன் பொண்டாட்டி மாதிரி!"

"உனுக்கு அதெல்லாம் புரியாது மாமா. டாக்டரு, இஞ்சினீரு, தாசில்தாரு எல்லாம் தெனம் இவராண்ட தோத்துட்டுத்தான் வூட்டுக்குப் போறாங்க" என்றேன். (இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தது. அதுவரை அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. ஆட்ட நேரத்தில் பெண்பிள்ளைகள் ஆடுகளத்துப் பக்கம் வரக் கூடாது என்று விதி.)

கல்யாணமான முதல் ஆடி. வழக்கப்படி என்னைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டவர், கிளம்பும்போது மெதுவாக ஒரு சேதி சொன்னார்.

"மெட்ராசுலருந்து ஒரு பெரிய தொரை வராரு. வர ஞாயித்துக்கெழம மாமல்லபுரம் பங்களாவுல கேம்பு. அவுரு கிளப்புல மார்க்கர் வேல காலியா கீது. என் ஆட்டம் புடிச்சிதுன்னா இட்டுகினு போயிடுவாரு. குடியிருக்க ரூம்பு உண்டாம்."

ரூம்பு! எங்கள் குடித்தனம் அப்போது கிளப்பின் பின்புறத் தகரக் கொட்டகையில். பாதி எங்களுக்கு, பாதி டென்னிஸ் வலைக்கு. மழை வந்தால் முதலில் வலையைத்தான் ஒழுகாத பக்கம் மாற்ற வேண்டும். பிறகுதான் நாங்கள் மாறலாம். நாலு சுவரும் தாழ்ப்பாள் போட்ட கதவுமாக ஒரு ரூம்பு என்றதும், மனசுக்குள் நான் அப்போதே அடுப்பு எந்த மூலையில் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"நானும் பாக்க வரட்டா?"

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்மே."

கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். தன் வீரத்தைப் பெண்டாட்டி பார்க்கக் கூச்சப்படுகிற மனுஷர் என்று ரொம்பப் பெருமையாகவும் இருந்தது. கூச்சப்படுகிற மனுஷருக்கு ஆச்சரியம் கொடுக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை விடியலில், விறகு ஏற்றத் தெற்கே போகிற காலிப் படகு ஒன்றில், நைனா, அம்மா, கன்னியப்பன் மாமா, மாமாவின் சடுகுடு கோஷ்டி, அவர்கள் வீட்டுப் பெண்டுகள் எல்லோரும் ஏறிக்கொண்டோம். புளிச்சோறு ஒரு கூடை, கதம்ப மாலை ஒன்று. பக்கிங்காம் கால்வாய் முழுக்க எங்கள் சத்தம்தான். படகுக்காரர், யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்.

பங்களாவுக்குப் பின்னால் சவுக்கு மிளாறு வேலி. அதற்குள், காலையில் மெழுகிய பச்சைச் சாணித் தரையில் பளிச்சென்று வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் நாற்காலி போட்டுச் செங்கல்பட்டு அதிகாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நின்றவர்தான் பெரிய துரை. (வெள்ளைக்காரர் போய்ச் சில வருஷம் ஆகியும் எங்களுக்குப் பெரிய அதிகாரி என்றால் துரைதான்.) வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, தொப்பிக்குப் பொருத்தமாகத் தொப்பை. முகத்தைப் பார்த்தாலே நல்ல மனுஷர் என்று தெரிந்தது. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், ஏதோ மெம்பர் கழித்துக்கொடுத்த கான்வாஸ் செருப்புக்குள் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு நின்றார். வேலிக்கு வெளியே எங்கள் கூட்டத்தைக் கண்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. ஆனந்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் கையை ஆட்டினேன்.

ஆட்டம் ஆரம்பமாயிற்று. யார் முதலில் ஆறு கேம் எடுக்கிறாரோ அவருக்கு அந்த செட் என்று மட்டும் எனக்குத் தெரியும், மாமாவுக்கும் சொல்லியிருந்தேன். துரை அடிப்பார், இவர் திருப்பி அடிப்பார், அது நேராகத் துரையின் மட்டைக்கே போய்ச் சேரும். மறுபடி அடிப்பார், மறுபடி அதே இடத்துக்கு. ஏழெட்டு தடவை இப்படிப் போய் வந்தபின் இவர் பந்து வலையில் விழும், "நல்ல ஷாட் சார்!" என்பார். நடுநடுவே ஒன்றிரண்டு கேம் இவர் எடுத்தாலும், முன்னால் போய்க்கொண்டே இருந்தது துரைதான். துரையின் முகம் சூரியகாந்தி மாதிரி மலர்ந்துகொண்டே போனது.

"தனம்" என்றார் மாமா, என் காதருகே குனிந்து. "உன் வூட்டுக்காரன் தோத்துகினு கீறான்."

ஊரில் எத்தனை பேரிடம் அளந்துவிட்டிருந்தேன்! அத்தனை பேரும் பின்னால் நின்று முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு ரூம்பு வேறு கண் முன்னால் கை நழுவுகிறது. சடுகுடு ஆட்டத்தில் சொந்த ஊர்க்காரன் சறுக்கினால் எங்கள் பெண்டுகள் என்ன செய்வார்களோ, அதைத்தான் நான் செய்தேன். தொண்டையைத் திறந்தேன்.

"யோவ்! கையாண்டயே போட்டுகினு கீறியே! அந்தத் தொப்பைய கொஞ்சம் ஓட வுடுயா!"

ஒரு நாற்காலியிலிருந்து டீக் கோப்பை விழுகிற சத்தம் கேட்டது. எங்கள் கோஷ்டிக்கு அது போதுமானதாக இருந்தது. "ஓட வுடு! ஓட வுடு!" என்று எல்லோரும் கை தட்டிக் கத்தினார்கள். துரையின் சேவகரான டவாலி ஒருவர் ஓடிவந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். மாமா அதை உற்சாகமாக எடுத்துக்கொண்டு விசில் அடித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கடைசி கேம். துரை ஓங்கி ஒன்று அடித்தார். ஆடிக் காற்று அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. கோட்டைத் தாண்டி, எங்கள் கண் முன்னாலேயே, பொத்தென்று வெளியே விழுந்தது. இவர் பார்த்தார். பார்த்துவிட்டு,

"லைன்ல சார்! ரொம்ப நல்ல ஷாட் சார்!" என்றார்.

இங்கே எங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். சடுகுடுக்காரருக்குக் கோடுதான் எல்லாம். கால் கோட்டைத் தொட்டதா தொடவில்லையா என்ற தகராறில் எங்கள் ஊரில் இரண்டு குடும்பங்கள் பெண் கொடுத்து வாங்குவதையே நிறுத்தியிருக்கின்றன. தோற்றால்கூட மாமா தாங்கிக்கொள்வார். வெளியே விழுந்ததை உள்ளே என்று சொன்னால் தாங்க மாட்டார். வேலியை ஒரே தாண்டு. பின்னாலேயே நான், புடவையை வாரிச் செருகிக்கொண்டு.

பச்சைச் சாணியில் பந்து விழுந்த தடம் ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக, தெளிவாக இருந்தது. மண்டி போட்டேன். கோட்டிலிருந்து தடம் வரை கையை விரித்துச் சாண் போட்டு அளந்தேன். ஒன்று. இரண்டு. எழுந்து நின்று, இரண்டு விரலைத் துரையின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"ரெண்டு சாண் வெளிய சார்!"

டவாலி என்னை இழுக்க வந்தார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, வலையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். குனிந்து தடத்தைப் பார்த்தார். "மார்க்கர், உள்ளேயா, வெளியேயா?"

என் வீட்டுக்காரர் தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார்.

"லைன்லதான் சார் வுழுந்துது. அது பழைய தடம்."

"பொய்!" என்றேன். "காலைல மெழுகுன தரைல பழைய தடம் எங்கேர்ந்து வந்துச்சி? சார், இவுரு பொய் சொல்றாரு சார்! எங்க நைனா மேல சத்தியம்!" (வேலிக்கு வெளியே நைனா தலையில் கை வைத்துக்கொண்டார்.)

"நீ யாரம்மா?"

"இவுரு சம்சாரம் சார்."

நாற்காலிகள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. துரை சிரிக்கவில்லை. "இவ்வளவு நேரமும் விட்டுக் கொடுத்துத்தான் ஆடினாயா?" என்று இவரைக் கேட்டார். இவர் மட்டையின் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி. இன்னொரு செட். இப்போது உன் ஆட்டத்தை ஆடு. ஒரு பந்து விட்டுக் கொடுத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்." (தெரிந்திருக்காது. அது வேறு விஷயம்.)

இவர் தன் இடத்துக்குப் போகும்போது என்னைத் தாண்டிப் போனார். "வேணாம்னு சொன்னேனேம்மே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். பந்தை மேலே விட்டார். மட்டை இறங்கியது தெரிந்தது; பந்து போனது தெரியவில்லை. துரை அசைவதற்குள் அது வேலியில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. அடுத்தது இடது மூலை. அடுத்தது வலது மூலை. துரை வலைக்கு ஓடி வந்தால் தலைக்கு மேலே போகும். பின்னால் ஓடினால் வலைக்கு அருகில் செத்த மாதிரி விழும். நான் கேட்டபடியே தொப்பையை ஓட விட்டார். அவ்வளவு காற்றிலும் ஒரு பந்துகூடக் கோட்டைத் தாண்டவில்லை. இவ்வளவு நாள் ஒரே கொட்டகையில் சோறு போட்ட ஆளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கத்த வாய் வரவில்லை. ஆறு கேமும் இவருக்கே. துரைக்கு ஒன்றுகூட இல்லை.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பிழைத்திருப்போம். எங்கள் கோஷ்டி வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. மாலையைப் போட்டு, இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, துரை நின்ற பக்கம் உட்பட, முழுச் சுற்றும் வந்தது. "எறக்குங்கடா, பேஜாரு பண்ணாதீங்கடா" என்று மேலேயிருந்து அவர் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை. இறக்கிவிட்டதும், மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மிகுந்த மரியாதையோடு துரையிடம் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க ஊரு ஆட்டத்துல தோத்தவங்க ஜெயிச்சவங்களுக்குக் கோழி தரணும். பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு விடைக்கோழி போதும்."

துரை பங்களாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துச் சமையல்கட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. டவாலி, கால் கட்டிய ஒரு சேவலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயா குடுக்கச் சொன்னாரு" என்றார். துரையின் அன்றைய சாப்பாடு அது. சாத்தின கதவைப் பார்த்து மாமா ஒரு கும்பிடு போட்டார்.

கிளப் ஆட்கள் வந்த லாரியில் மார்க்கருக்கு மட்டும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரும் எங்களோடு படகில் வந்தார். எல்லோரும் சேவலைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்டி ஆடத் தெரிஞ்சிகினு ஏன் தோத்த? வெக்கமா இல்ல?"

"நான் எங்கம்மே தோத்தேன்? அவுர ஆட வெச்சேன்" என்றார். "மூல பாத்து அடிக்கறது சுலுவு. பகலெல்லாம் ஆபீசுல ஒக்காந்து முதுகு வலியோட வர மனுசன். அவுரு மட்ட எங்க வரும்னு பாத்து, அங்க பந்த அனுப்பணும். அனுப்பறது அவுருக்குத் தெரியக் கூடாது. அவுரா நல்லா ஆடனதாத்தான் தோணணும். அதுக்குத்தாம்மே சம்பளம்."

"இத எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"உங்க மாமாவாண்ட, 'நான் தோக்கறதுக்குக் காசு வாங்கறேன்'னு எப்டி சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆடிக் காற்றில், ஒரு மணி நேரம், அத்தனை பந்தையும் நகரவே தெரியாத ஒரு மனுஷரின் மட்டைக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அதுதான் அன்றைக்கு அவர் ஆடின பெரிய ஆட்டம். அதைத்தான் நான் வேலியோரம் நின்று திட்டினேன். அப்படிப்பட்ட ஆளுக்குப் பெண்டாட்டி என்று அன்று எனக்குப் பிடிபடாத பெருமை. ரூம்பு போன துக்கம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ரூம்பு போயேவிட்டது. ஆவணியில் துரை செங்கல்பட்டு வழியாகப் போகும்போது கிளப் வாசலில் காரை நிறுத்தி, தானே இறங்கி வந்து சொன்னார். "வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். நீ வந்தால் எனக்கு நல்லது. ஆனால் உன் ஆட்டத்தைப் பார்த்தபின், நீ நல்ல ஷாட் என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். மற்ற மெம்பர்களுக்கும் விஷயம் பரவிவிட்டது." அப்புறம், வந்ததுதான் வந்தோம் என்று ஒரு செட் ஆடினார். தோற்றார். மறுநாள் ஆள் மூலமாக ஒரு கோழி வந்தது.

அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டார். பின்னாளில் தோற்ற பிறகு அனுப்புவது வீண் அலைச்சல் என்று கோழியைக் காரிலேயே கொண்டுவர ஆரம்பித்தார். மெட்ராஸில் மார்க்கர்களுக்காக மட்டும் ஒரு போட்டி நடந்தபோது, இவர் பெயரைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். இவர் போனார், ஜெயித்தார், கோப்பையோடு வந்தார். மார்க்கரும் மார்க்கரும் ஆடினால் யாரும் யாருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லையாம். உடம்பு லேசாக இருந்தது என்றார். (பார்க்க என்னைக் கூட்டிப்போகவில்லை. மாமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.)

தகரக் கொட்டகையிலேயே எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடிப்போய், எப்படியிருக்கிறது என்று நான் கேட்டுவிட்டால் போதும். பெரியவன் தட்டைப் பார்த்துக்கொண்டே "லைன்லதான் சார் வுழுந்துது" என்பான். சின்னவள் இரண்டு விரலைக் காட்டுவாள். வீட்டுக்கு வந்த மருமகனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இதில் சிரிக்காத ஒரே ஆள் நான்தான். பின்னே? வெளியே விழுந்ததை உள்ளே என்று, கேட்கிறவருக்குச் சந்தேகமே வராமல் சொல்வதைத் தொழிலாகக் கொண்ட மனுஷர், இவ்வளவு காலமாக என் சமையலையும் என் சிவப்புப் புடவையையும் புகழ்ந்துகொண்டிருக்கிறார். எதை நம்புவது?

எப்போதாவது தனியாக இருக்கும்போது கேட்பேன்.

"மெட்ராசு வேல என்னாலதான போச்சி. உனுக்கு வருத்தமே இல்லியா?"

"இல்லம்மே" என்பார். "சத்தியமா இல்ல."

அந்தத் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். மண்டி போட்டு அளப்பதைத்தான் விட்டுவிட்டேன்.